சீரியம் சொன்ன சாட்சி

காலை 11.40.

செத்துக் கிடந்தவர் காலில் செருப்பு இல்லை. வெள்ளை மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, கையில் ரப்பர் உறை என்று ஆபரேஷனுக்குக் கிளம்பிய டாக்டர் மாதிரி உடுத்திக்கொண்டு, ஸ்டூலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒருக்களித்து விழுந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றது போல நீலம் பாய்ந்திருந்தது. முகத்தில் மட்டும் கலவரம் இல்லை. பஸ்ஸில் தூங்கிச் சாய்ந்தவன் முகம்.

சப்-இன்ஸ்பெக்டர் பாக்யலட்சுமி இந்தச் சாவுக்காக வந்தவளில்லை. புயல் கரை கடந்தும் மழை விடவில்லை. ஊசுட்டேரி வழிந்து, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை முழுக்க இடுப்பளவு தண்ணீர். வீராம்பட்டினத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகில், அடுத்த தெருக் கம்பெனியில் மாட்டிக்கொண்ட தொழிலாளிகளை மீட்கப் போய்க்கொண்டிருந்தாள். இந்தக் கட்டடத்து மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அலறினாள். படகை ஒதுக்கச் சொல்லி, கான்ஸ்டபிள் பலராமனோடு மாடிப்படியில் கால் வைத்தாள்.

படகோட்டி சின்னக்கண்ணு மேலே ஏறவில்லை. "அங்க அறுபது பேரு ஒத்தக் கால்ல நிக்கிறான் தங்கச்சி. நாலு மணிக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் நீயும் எங்கியும் போவ முடியாது, செத்தவனும் போவ மாட்டான்."

மோட்டார் சத்தம் மழையில் கரைந்தது. கீழ்த்தளம் தண்ணீருக்குள். மாடியில் ஒரு நடைபாதை, நாலு அறை. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, மேலே தகரக் கூரை. அதில் மழை கொட்டுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. உயிரோடு ஐந்து பேர், உயிரில்லாமல் ஒருவர். வெளியே போக வழியில்லை.

அது கல்லை ஆராய்கிற கூடம். கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அதற்குள் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற இடம். செத்தவர் டாக்டர் வெற்றிச்செல்வன், நாற்பது வயது, அங்கே மூத்த ஆராய்ச்சியாளர். அவர் கிடந்த இடத்துக்குச் 'சுத்த அறை' என்று பெயர்.

பாக்யலட்சுமி எதையும் தொடவில்லை. செல்போனை எடுத்து வாசலிலிருந்தே படம் எடுத்தாள். அவளுடைய அம்மா தனம் மீன் விற்றவள். செவுள் நிறத்தைப் பார்த்து, எப்போது பிடித்த மீன் என்று சொல்லி அடிக்கிறவள். வாய் பேசும் முன் கண் பார்க்கட்டும் என்பது மகளுக்கும் ஒட்டிய பழக்கம்.

அறை சின்னது. இரண்டு பாத்ரூமைச் சேர்த்த அளவு. ஜன்னல் கிடையாது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி, நாலு விளிம்பிலும் ரப்பர் பட்டை. இப்போது கதவு அகலத் திறந்து, ஒரு நாற்காலி முட்டுக் கொடுத்திருந்தது. சுவரைத் துளைத்து வந்த சுண்டுவிரல் தடிமன் குழாய் ஒன்று மேசைக்கு மேல் வாயைத் தொங்கவிட்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு கண்ணாடி பீக்கர். அடியில் தேங்காய்ப்பாலைத் திரித்தது போல வெள்ளையாக ஒரு வண்டல், மேலே தெளிந்த நீர். அறைக்கு வெளியே, உடை மாற்றும் இடத்துப் பலகையில் ஒரு டீ ஃபிளாஸ்க், குடித்து வைத்த கோப்பை.

"விஷம், மேடம்" என்றார் பின்னால் நின்றவர். "உதட்டப் பாத்தாலே தெரியலியா?"

டாக்டர் கலியபெருமாள், கூடத்தின் இயக்குநர். ஐம்பத்தெட்டு வயசு. மழையிலும் இஸ்திரி கலையாத சட்டை.

"சொல்தா வூட்டுப் புள்ள மேடம்" என்று பலராமன் சிவப்புத் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறியபடி அவள் காதோரம் சொன்னான். "அப்பாரு பிரெஞ்சுப் பட்டாளம். இவுரு பாரிசுல படிச்சவரு. பேப்பர்லலாம் போட்டோ வந்துச்சே."

"நீங்க கடைசியா இவர உயிரோட எப்பப் பாத்தீங்க, சார்?"

"பத்தரைக்கு. எட்டு மணிக்கே கரண்ட் போயிடுச்சு. எங்க ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான் தாங்கும். இந்த ரூமுக்குக் காத்துக் குடுக்கிற ஃபேன் நின்னுடுச்சு. புழுக்கம். நான்தான் கதவத் தொறந்து நாற்காலி வெச்சேன்."

"எப்ப?"

"ஒம்போது மணிக்கே. அதுலேர்ந்து கதவு சாத்தவே இல்ல. இங்கயேதான் நின்னு பேசினேன். நெஞ்சு எரியுதுன்னாரு. டீ குடிச்சதுலேர்ந்து என்னவோ பண்ணுதுன்னாரு. நான் என் ரூமுக்குப் போய்ட்டு பதினொன்றரைக்கு வந்து பாக்கறேன்... மொன் தியே, கடவுளே."

"டீ யார் குடுத்தது?"

அவர் தலையைத் திருப்பினார். நடைபாதைக் கோடியில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். "நேத்துகூட அந்தப் பொண்ணத் திட்டினாரு" என்று மட்டும் சொன்னார்.

ஜன்னலில் அலறியவள் அவள்தான். நஸ்லின். முல்லா வீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹாஜாவின் மகள். வெற்றிச்செல்வனிடம் மூன்றாவது வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள்.

"டீ நீங்க போட்டதா?"

"வூட்லேர்ந்து கொண்டாந்தேன் மேடம். சார் தினம் நம்ம வூட்டு டீதான் குடிப்பாரு. இஞ்சி தட்டிப் போட்டா புடிக்கும்."

"நேத்து அவர் உங்களத் திட்டினாரா?"

நஸ்லின் நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அது போன வாரம். நான் அளந்தது தப்புன்னு திட்டினாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் திட்டினாரு."

"டீய எங்க வெச்சுக் குடிச்சாரு?"

"வெளிய, இந்தப் பலகையாண்ட. ரூமுக்குள்ள பச்சத்தண்ணிகூட கொண்டு போவக் கூடாது. ஒம்போதரை மணி இருக்கும். குடிச்சிட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு."

"சாத்திக்கிட்டாரா? சார் தொறந்து இருந்துச்சுங்கறாரே."

"மேடம்! ஒரு துளி தெருத் தூசு வுழுந்தாலும் ஒரு மாச வேலை பாழ். ஃபேன் நின்னா என்ன, கூரையே பிச்சுக்கிட்டுப் போனா என்ன, வெற்றிச்செல்வன் சார் கதவத் தொறந்து வெச்சு வேலை செய்வாரா? உள்ள நின்னு தும்மவே மாட்டாரு அந்த மனுஷன்!"

சொல்லிவிட்டு, செத்தவரைப் பற்றி இப்படிப் பேசிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாவது ஆள் அம்மாவாசை. கட்டடத்துக் காவலும் அவன்தான், கேஸ் சிலிண்டர் மாற்றுவதும் அவன்தான். தோளில் மூட்டை தூக்கிய தழும்பு.

"கீழ தண்ணி பூந்துடுச்சும்மா. கல்லுப் பொட்டிங்கோ நூறுக்கு மேல கெடக்கு. நானும் இந்தப் பொண்ணும்தான் ஒம்போதரைலேர்ந்து தூக்கித் தூக்கி மாடிப்படி வளைவுல அடுக்கினோம். பெரியவரு சத்தம் போட்டப்பதான் ரெண்டு பேரும் மேல ஓடியாந்தோம்."

"நடுவுல இந்தப் பொண்ணு மேல வந்துச்சா?"

"எங்க வர்றது? நீ ஒரு முனை, நான் ஒரு முனைன்னு புடிச்சாத்தான் அந்தப் பொட்டி நவுரும்."

பாக்யலட்சுமி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அது உதவாது. விஷம் டீயில் என்றால், கொடுத்துவிட்டு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

பகல் ஒரு மணி.

செல்போனில் சிக்னல் வந்து வந்து போனது. இன்ஸ்பெக்டரின் குரல் துண்டு துண்டாகக் கேட்டது.

"டீ குடுத்தது அந்தப் பொண்ணுதானே? திட்டு வாங்கியிருக்கு இல்ல? அப்புறம் இன்னா ஆராய்ச்சி? படகு வந்ததும் ஏத்திக் கொண்டாந்துடுங்க. மேலேர்ந்து கேக்கறாங்க. அவுரு பெரிய மனுஷன், மரியாதையா நடத்துங்க."

"சார், போஸ்ட்மார்ட்டம்..."

"மார்ச்சுவரிலயே முழங்கா தண்ணிம்மா. டாக்டர் எப்ப வருவாரோ. நீங்க பொண்ணக் கொண்டாங்க." தொடர்பு அறுந்தது.

உத்தரவு உத்தரவுதான். நஸ்லினைச் சாமான் அறையில் உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னாள். பலராமன் தாழ்ப்பாளை இழுக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. கெஞ்சுகிற குரல் இல்லை.

"மேடம், படகு நேரா நம்ம ஜனம் நிக்கிற முகாமுக்குத்தான் போவும். ஒரு தடவ போலீசு புடிச்சுக்கிட்டுப் போவறத ஊரு பாத்துட்டா, அப்பறம் கோர்ட்டுல இன்னா தீர்ப்பு வந்தா இன்னா? எங்க அத்தா நாளைக்குக் கடையத் தொறக்க முடியுமா?"

பாக்யலட்சுமி மாடிப்படிப் பக்கம் நடந்தாள்.

தண்ணீர் இன்னும் இரண்டு படி ஏறியிருந்தது. காற்றே இல்லாத புழுக்கம். கலியபெருமாள் தன் அறையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவள் மறுபடி சுத்த அறை வாசலில் போய் நின்றாள். உடம்பின் மேல் பலராமன் துணி போர்த்தியிருந்தான். மேசையில் எல்லாம் வைத்தது வைத்தபடி.

ஏதோ ஒன்று வைத்தபடி இல்லை.

செல்போனை எடுத்து முதல் படத்தைப் பெரிதாக்கினாள். மேசையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"பலராமா, இந்தக் கிளாஸ நீ தொட்டியா?"

"நான் எதுக்கு மேடம் அந்தக் கண்றாவியத் தொடறேன்?"

பீக்கருக்குள் வண்டல் மஞ்சளாகியிருந்தது. பருப்பு வெந்த மஞ்சள். படத்தில் சுத்த வெள்ளை. காலையிலிருந்து அவளும் பலராமனும் மாறி மாறி இந்த நடைபாதையில் நிற்கிறார்கள். துணி போர்த்தப் போன பலராமனைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை.

நஸ்லினிடம் கேட்கலாம். ஆனால் கைதியின் வாயால் வருவதை இன்ஸ்பெக்டர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பாக்யலட்சுமி கலியபெருமாள் அறைக்கு நடந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள்.

"படகு வர்ற வரைக்கும் நேரம் போவல சார். ரிப்போர்ட்ல எழுதணும், எனக்கு ஒண்ணும் புரியல. அந்த மேசையில மஞ்சளா ஒரு கிளாஸ் இருக்கே, அது விஷம் கிஷமா?"

கலியபெருமாள் கண்ணைத் திறந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தான் பேசினால் நாலு பேர் கேட்க வேண்டும் என்று முப்பது வருஷம் பழகிய முகம்.

"விஷமா! அது சீரியம், மேடம். அரிய மண் தனிமங்கள்னு ஒரு கூட்டம் இருக்கு. பதினாலு, பதினஞ்சு பேரு. ஒரே குணம். கடல் தண்ணியில ஒண்ணாக் கரையும், சுண்ணாம்புக் கல்லு உண்டாகும்போது ஒண்ணாப் போய் அதுக்குள்ள உக்காரும். சீரியம் மட்டும் ரோஷக்காரன். தண்ணியில ஆக்சிஜன் இருந்தா அதோட சேந்துக்கிட்டு, கரைய மாட்டேன்னு கூட்டத்த விட்டு ஒதுங்கிடும். அப்ப அந்தக் கடல்ல உண்டான கல்லுல சீரியம் மட்டும் குறைச்சலா இருக்கும். ஆக்சிஜன் இல்லாத கடல்னா குறையவே குறையாது. பல கோடி வருஷத்துக்கு முன்னால கடல்ல மூச்சு இருந்துச்சா இல்லியான்னு நான் கல்லக் கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். நானூறு பக்கம் எழுதியிருக்கேன் இதப்பத்தி."

"மஞ்சள் எதுக்கு?"

"அதே கதைதான். சீரியம் கரைசல்ல அம்மோனியா ஊத்தினா வெள்ளையா திரியும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டதும் மஞ்சளாயிடும். அடுத்த வாரம் இந்தக் கூடத்தப் பாக்க வர்ற பிரான்ஸ்காரங்களுக்குக் காட்ட, வெற்றிச்செல்வன் பழகிக்கிட்டிருந்தாரு போலிருக்கு."

"ரொம்ப நேரம் புடிக்குமா மஞ்சளாவ?"

"கண்ணெதிர்லயே மாறும். பத்து நிமிஷத்துல நிறம் கெட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் தொறந்து வெச்சா குருடனுக்குக்கூடத் தெரியும்." சிரித்தார். "நம்பலேன்னா ஊத்திப் பாருங்க. பாட்டில் ரெண்டும் மேசை மேலயே இருக்கும்."

"பாக்கலாம் சார். நேரந்தான் இருக்கே" என்று எழுந்தாள்.

பலராமனைச் சாட்சி வைத்து, வேறொரு பீக்கரில் ஊற்றி, காற்றோட்டமாக நடைபாதையில் ஜன்னலோரம் வைத்தாள். பால் போலத் திரிந்தது. அவள் சாமான் அறைத் தாழ்ப்பாளை விலக்கினாள்.

நஸ்லின் சாமான்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில சார் பீக்கர்ல சீரியம் திரிச்சாரா?"

"ஆமா. அவரு உள்ள போனதும் அதத்தான் செஞ்சாரு. கதவுல கண்ணாடி இருக்கு இல்ல? நான் கீழ போவ முன்னாடி பாத்தேன். ஊத்தினதும் வெள்ளையா வந்துச்சு. கையக் காட்டிச் சிரிச்சாரு."

"பதினொண்ணே முக்காலுக்கும் வெள்ளைதான்."

நஸ்லின் தலையை ஆட்டினாள். "இருக்காது மேடம். ரெண்டு மணி நேரமா? இருக்கவே முடியாது."

பாக்யலட்சுமி படத்தைக் காட்டினாள்.

நஸ்லின் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் விரல் படத்தில் பீக்கரிலிருந்து மேலே ஏறி, குழாய் வாயில் நின்றது. முகம் வெளிறியது.

"அது இன்னா கொழாய்?"

"ஆர்கான்... கேசு. ஈரமான சாம்பிளக் காய வெக்கறதுக்கு. கல்ல அளக்குற மெஷினுக்குப் போற லைன்லேர்ந்து ஒரு கிளை. வால்வு வெளிய, நடைபாதை அலமாரியில." குரல் தேய்ந்தது. "அதுக்கு வாசம் கெடையாது, நிறம் கெடையாது மேடம். காத்த விட கனம். ரூம்ல ரொம்பிச்சுன்னா ஆக்சிஜன வெளிய தள்ளிடும்."

"மூச்சு முட்டாதா? கதவத் தொறந்து ஓடியாரத் தோணாதா?"

"தோணாது. நெஞ்சுல கெட்ட காத்து சேந்தாத்தான் முட்டும். இது சும்மா... தூக்கம் வர்ற மாதிரி."

பாக்யலட்சுமி அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"போன வாரம் எதுக்குத் திட்டினாரு? முழுசாச் சொல்லுங்க."

"பெரிய சாருக்குப் பேரு வாங்கிக் குடுத்த கல்லு ஒண்ணு இருக்கு. கர்நாடகா பக்கத்துக் கல்லு, இருநூத்தி எழுபது கோடி வருஷம்னு சொல்றது. அதுல சீரியம் குறைச்சலா இருக்குன்னு கண்டுபுடிச்சாரு. அப்ப உலகம் நெனச்சதுக்கும் ரொம்ப முன்னாடியே கடல்ல ஆக்சிஜன் இருந்துச்சுன்னு ஆவுது இல்ல? அதுலதான் அவரு இன்னைக்கு நிக்கிறாரு. நான் மூலக் கல்ல மறுபடி துளச்சு அளந்தேன். குறையவே இல்ல. வெற்றிச்செல்வன் சார் என்னத்தான் திட்டினாரு, தூசு போட்டுட்டேன்னு. அப்பறம் அவரே அளந்தாரு. எனக்கு வந்ததேதான் வந்துச்சு. அன்னைக்குப் பெரிய சாரு அளக்கக் குடுத்த பொடி அந்தக் கல்லோடதே இல்ல. நம்ம அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லு, ஆக்சிஜன் இருந்த கடல்ல உண்டானது, அந்தப் பழைய கல்லுக்கு முன்னாடி நேத்துப் பொறந்த மாதிரி. நேத்து சாயங்காலம் சார் போய் அவருகிட்ட சொல்லிட்டாரு. பிரான்ஸ்காரங்க முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, இல்லன்னா நான் சொல்றேன்னு."

"இத ஏன் காலையிலயே சொல்லல?"

"நீங்க டீயப் பத்தித்தானே மேடம் கேட்டீங்க?"

மாலை 3.30.

நடைபாதையில் எல்லோரையும் கூட்டினாள். ஜன்னலோர பீக்கர் நல்ல மஞ்சளாக மாறியிருந்தது. அலமாரியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே இரண்டு வால்வு, ஒரு அழுத்தமானி. முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"அம்மாவாசை அண்ணே, சிலிண்டர் எப்ப மாத்துனீங்க?"

"முந்தாநேத்து. ஆறும் புதுசு. சேத்துக் கட்டி வுட்டேன். காலையில நான் பாத்தப்ப முள்ளு மேல நின்னுச்சு."

"அப்புறம் மெஷின் ஓடுச்சா?"

"கரண்டே இல்லாம எங்கம்மா ஓடும்?"

"இவன் நட்டு முறுக்கற லட்சணம் அப்படி" என்றார் கலியபெருமாள். "எங்கியாவது கசிஞ்சிருக்கும்."

"பதினேழு வருஷமா முறுக்கறேன். புயலடிக்கிற அன்னைக்குப் பாத்து, அதுவும் ஆறும் ஒண்ணா கசியுதா?" அம்மாவாசை முறைத்தான்.

பாக்யலட்சுமி கையை உயர்த்தினாள். "சார், கதவு ஒம்போது மணியிலேர்ந்து தொறந்தே இருந்துச்சுன்னு சொன்னீங்க. மாத்திச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"நான் எதுக்கு மாத்திச் சொல்லணும்? தொறந்துதான் இருந்துச்சு."

"பத்தரைக்கு அவரு உங்ககிட்ட பேசினாரு."

"பேசினாரு."

அவள் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நான் உள்ள வந்தப்ப எடுத்தது. அந்தப் பீக்கர் இன்னா நிறம்?"

கலியபெருமாள் பார்த்தார். காலையில் அவர் அந்த மேசையைப் பார்த்திருக்கவே இல்லை. தரையில் கிடந்த உடம்பிலேயே கண் இருந்திருக்கும். மத்தியானம் அவள் 'மஞ்சளா ஒரு கிளாஸ்' என்றதும், முதலிலிருந்தே மஞ்சள் என்று எண்ணிக்கொண்டு பாடம் நடத்திவிட்டார்.

"இது போட்டோ. வெளிச்சத்துல..."

"பக்கத்துல அவரு மேலங்கி வெள்ளை. ரெண்டும் ஒரே வெள்ளை. ஒம்போதரைக்குத் திரிச்ச சீரியம் ரெண்டு மணி நேரம் கழிச்சும் வெள்ளையா இருக்கு. நீங்கதான் சார் சொன்னீங்க, பத்து நிமிஷத்துல நிறம் கெடும்னு. பலராமன் சாட்சி. கதவு தொறந்து இருந்திருந்தா, நீங்க அங்க நின்னு மூச்சு விட்டுப் பேசியிருந்தா, அது எப்பவோ மஞ்சளாயிருக்கணும். நாங்க வந்தப்புறந்தான் ஆச்சு. ஏன்னா அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அந்த ரூமுக்குள்ள காத்தே போச்சு."

அவள் திரும்பி அலமாரியைக் காட்டினாள்.

"அந்தக் கதவு சாத்தி இருந்துச்சு. ஃபேன் நின்ன ரூமு. இவங்க ரெண்டு பேரும் கீழ பொட்டி தூக்கப் போனதும், நீங்க இந்த வால்வத் தொறந்தீங்க. கேசு முதல்ல கொட்டுறது பீக்கர் மேல. மழைச் சத்தத்துல குழாய் இரையறது அவருக்குக் கேக்கல. ஆறு சிலிண்டரும் உள்ள போச்சு. பதினொன்றரைக்கு வால்வ மூடி, கதவத் தொறந்து, நாற்காலிய முட்டுக் குடுத்து, கேசு கலையறதுக்குக் கொஞ்சம் டைம் வுட்டு, அப்புறம் சத்தம் போட்டீங்க. சாத்தின ரூமுன்னா போலீசு காத்தப் பத்தி யோசிக்கும். தொறந்த கதவுன்னா டீயத்தான் யோசிக்கும். அதுக்குத்தான் கதவப் பத்திப் பொய் சொன்னீங்க. டீயில விஷம்னா யாரு வேணாலும் செஞ்சிருக்கலாம். கேசுன்னா, அந்த நேரத்துல மாடியில இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"ஒரு மஞ்சக் கிளாச வெச்சுக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவீங்களா?"

"பத்தாதுதான்" என்றாள். "வால்வுல கைரேகை பாக்கணும். டீயச் சோதிக்கணும். அந்தக் கல்ல வேற ஊர்ல குடுத்து அளக்கணும். கல்லு எங்கியும் ஓடிடாது. ஆனா இன்னைக்குப் படகுல யாரப் புடிச்சு ஏத்தறதுன்னு முடிவு பண்ண எனக்கு இது போதும்."

கலியபெருமாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வெளியே நாலு பக்கமும் செம்மண் தண்ணீர்.

"முப்பது வருஷம்" என்றார். குரலில் பிரெஞ்சும் இல்லை, மிடுக்கும் இல்லை. "அந்தக் கல்ல எடுத்துட்டா நான் யாருமே இல்ல. நேத்து காலுல விழாத குறை. பல்லக் காட்டிக்கிட்டு, கல்லு பொய் சொல்லாது சார்ங்கறான்." நிறுத்தினார். "அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வலி இல்ல. மூச்சு முட்டல. நான் யோசிச்சுத்தான்..."

நஸ்லின் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று பலராமன் குறுக்கே கை நீட்டினான். அவள் அடிக்கவில்லை.

"என்ன உள்ள தள்ளவும் யோசிச்சுத்தானே செஞ்சீங்க சார்? எனக்கு வலிக்குமா வலிக்காதான்னு யோசிச்சீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மோட்டார் சத்தம் கேட்டது. சின்னக்கண்ணு படகைப் படிக்கட்டில் அணைத்துக் கயிற்றைக் கைப்பிடியில் சுற்றினார். படகில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர், தலையில் பிளாஸ்டிக் சாக்கு. எல்லாக் கண்ணும் படிக்கட்டைப் பார்த்தது. கொலை என்று ஸ்டேஷன் வழியாக அதற்குள் சேதி பரவியிருந்தது.

முதலில் இறங்கி வந்தார் கலியபெருமாள், இஸ்திரிச் சட்டையோடு. பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு நஸ்லின். இருவருக்கும் நடுவில் பலராமன். சின்னக்கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்து, வாயைச் சுழித்து, எச்சிலைத் தண்ணீரில் துப்பினார். கலியபெருமாளிடம் கையை நீட்டினார்.

"வாங்க ஐயா, படி வழுக்கும், பாத்து. இந்த மாதிரிப் பொண்ணுங்களோட எப்படித்தான் ஒரே கூரைக்குக் கீழ இருந்தீங்களோ."

நஸ்லின் படியிலேயே நின்றுவிட்டாள்.

மேல்படியிலிருந்து பாக்யலட்சுமியின் குரல் வந்தது. படகில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மீன்சந்தையில் ஏலம் கூறுகிற குரல்.

"அண்ணே! கொலை பண்ணது அந்தாளு. கையக் குடுக்கறதுன்னா பின்னால நிக்கிற பொண்ணுக்குக் குடு."

சின்னக்கண்ணுவின் கை அந்தரத்தில் நின்றது. சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மெல்ல அந்தக் கையை இழுத்து, லுங்கியில் அழுத்தித் துடைத்து, மறுபடி நீட்டினார்.

"வா தாயி."

நஸ்லின் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துத் தானே இறங்கி, ஜனத்துக்கு நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தாள்.